ஜன்னலைப் பார்த்த பிறகு கண்ணாடி வாங்குங்கள்

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஊட்டிக்குப் போயிருந்தபோது புனித ஸ்டீபன் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்திருக்கிறார். அப்படி ஒன்றைத் தன் கையால் செய்து, காப்பித் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கும் மேற்கு ஜன்னலில் தொங்கவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டில் மூன்று வயது மகன் இருக்கிறான். சமையலறை மேசையில் வைத்துச் செய்யலாமா, என்னென்ன கருவிகள் வேண்டும், நம் மலையின் மழைக்கும் பனிக்கும் இது தாங்குமா என்று கேட்கிறார். கொடைக்கானலில் 16 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சகோதரி, அந்தத் தேவாலயத்துக்குள் நின்று ஜன்னல்களைப் பார்த்தீர்கள். வெளியே வந்த பிறகு அதே ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தீர்களா? பகலில் வெளியிலிருந்து பார்த்தால் அவை கரும்பலகை போல இருக்கும். சிவப்பு எது, நீலம் எது என்றுகூடத் தெரியாது. 1829-ல் அடிக்கல் நாட்டிய கோயில் அது. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரங்கள்தான் உத்திரங்களாக நிற்கின்றன என்று காட்டுவார்கள். எல்லோரும் அண்ணாந்து அந்த மரங்களைப் பார்ப்பார்கள். கண்ணாடி வேலை கற்க நினைப்பவர் செய்ய வேண்டியது வேறு. ஒரே ஜன்னலை உள்ளே நின்று ஒரு முறையும் வெளியே நின்று ஒரு முறையும் பார்க்க வேண்டும். இந்தக் கலைக்குச் சாயம் வெளிச்சம்தான். கண்ணாடி அதை வடிகட்டித் தருகிறது, அவ்வளவே. எனவே கட்டர், பற்றவைப்புக் கருவி என்று எதையும் வாங்குவதற்கு முன்பு, உங்கள் மேற்கு ஜன்னலுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

காலை எட்டு மணிக்கு, நண்பகலில், மாலை நான்கு மணிக்கு, மூடுபனி இறங்கிய பிறகு என்று நான்கு வேளையும் அந்த ஜன்னலில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். காப்பித் தோட்டம் என்றால் நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பின்னால் அடர்ந்த பச்சையும் மேல்பாதிக்குப் பின்னால் வானமும் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஒரு விஷயமே உங்கள் கண்ணாடித் தேர்வில் பாதியை முடிவு செய்துவிடும். ஊடுருவித் தெரியும் கண்ணாடியில், பின்னால் இருப்பது அப்படியே கலந்து தெரியும். அடர்நீலக் கண்ணாடிக்குப் பின்னால் இருண்ட மரம் நின்றால் அந்த நீலம் செத்துப்போகும். அதே கண்ணாடிக்குப் பின்னால் மூடுபனியின் வெண்மை நின்றால் உயிர் பெற்று எழும். சமவெளியில் வெயிலுக்காகச் செய்த வண்ணக் கண்ணாடிப் பலகைகளை இங்கே கொண்டுவந்து மாட்டியவர்கள் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் ஆண்டின் பல மாதங்கள் வெளிச்சம் பாலில் நனைத்த துணியைப் போல மெத்தென்று வரும். அதற்கு இளம் நிறங்கள் வேண்டும். தேன், வெளிர்ப்பச்சை, ரோஜா, மழைக்கால வானத்தின் சாம்பல் நீலம் போன்றவை பனியிலும் பேசும்.

பனி விலகிய காலையோ நேர் எதிர். வளிமண்டலத்தின் தூசி நிறைந்த அடுக்குகள் நமக்குக் கீழே கிடப்பதால் இங்கே வெயில் கூர்மையாக விழும். கொடைக்கானலில் 1899-ல் சூரிய ஆய்வகம் தொடங்கியதற்கும் இந்த வானம்தான் காரணம். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-ல் இங்கிருந்துதான் கண்டறிந்தார். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் படிக்கும் மலையில் இருந்துகொண்டு, அதே ஒளியை ஜன்னலில் பிரித்து வைக்கப் போகிறீர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த எண்ணம்.

கண்ணாடியில் இரண்டு பெரிய இனங்கள் உண்டு. ஒன்று, ஊடுருவித் தெரியும் வண்ணக் கண்ணாடி; கடைக்காரர்கள் கதீட்ரல் என்பார்கள். மற்றொன்று ஒபலெசென்ட். அது பால் கலந்தது போல மங்கலாக இருக்கும். ஒளியைச் சிதறவிடும், பின்னால் இருப்பதை மறைக்கும். உங்கள் ஜன்னலின் மரம் தெரியும் கீழ்ப்பாதிக்கு ஒபலெசென்டும், வானம் தெரியும் மேல்பாதிக்குக் கதீட்ரலும் வாங்குவது நல்லது. இரவில் அறை விளக்கு எரியும்போதும் ஒபலெசென்டில் ஓரளவு நிறம் தெரியும், கதீட்ரல் கறுத்துவிடும்.

நிறம் மேலே பூசியதல்ல, உருக்கும்போதே கலந்தது. கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா, இரும்பு சேர்த்தால் பச்சை. ரோஜாச் சிவப்புக்குத் தங்கம் சேர்ப்பார்கள். இளஞ்சிவப்புக் கண்ணாடி விலை கூடுதலாக இருப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். தேவாலயங்களில் நீங்கள் பார்த்த முகங்களும் துணி மடிப்புகளும் மட்டும் வேறு வகை. அவை பொடித்த கண்ணாடியும் உலோக ஆக்சைடும் கலந்த சாந்தால் வரைந்து, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட்டவை. வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டால் கண்ணாடி மஞ்சளாகக் கறை ஏறும். ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் செய்தார்கள். சூளை இல்லாமல் இதைச் செய்ய முடியாது. ஆகவே முகம் இல்லாத உருவங்களாகத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, கறுப்புக் கோடு போட்டு, அதையும் வண்ணக் கண்ணாடி வேலை என்ற பெயரில் கற்றுத் தருகிறார்கள். அதுவும் அழகான வேலைதான், குழந்தையோடு உட்கார்ந்து செய்யலாம். ஆனால் நீங்கள் கேட்டது அதை அல்ல.

துண்டுகளை இணைக்கவும் இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி காரீயப் பட்டை. ஆங்கில எச் எழுத்தைப் படுக்கவைத்தது போன்ற குறுக்குவெட்டு கொண்ட பட்டையில் இருபக்கமும் கண்ணாடியைச் செருகி, மூட்டுகளில் பற்றவைத்து, சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கை இடுக்குகளில் அடைப்பார்கள். மழையில் நேராக நிற்கும் ஜன்னலுக்கு இதுவே ஏற்றது. ஆனால் அந்த மக்கு நம் ஈரத்தில் காய்வதற்குள் பொறுமை போய்விடும். மற்றொன்று செம்பு நாடா. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றி, துண்டுகளை அருகருகே வைத்து, இடையில் பற்றாசை, அதாவது சால்டர் என்ற எளிதில் உருகும் உலோகக் கலவையை, உருக்கி ஓடவிடுவது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியின் விளக்குகளால் இது புகழ்பெற்றது. சிறு துண்டுகள், வளைவுகள், வீட்டுக்குள் தொங்கவிடும் பலகை என்றால் இதையே செய்யுங்கள். மழை அடிக்கும் ஜன்னலாக இருந்தாலும் கவலை இல்லை. இருக்கும் வெறும் கண்ணாடியைக் கழற்றாமல், உள்பக்கமாக ஒரு விரல்கடை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் போதும். ஒட்டி வைத்தால் இரண்டுக்கும் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும்.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழகுவதற்கு வண்ணக் கண்ணாடி வேண்டாம். படச்சட்டம் போடும் கடையில் 3 மில்லிமீட்டர் வெறும் கண்ணாடியின் வெட்டுத்துண்டுகள் மூலையில் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். வண்ணக் கண்ணாடிக்குக் கோவை, சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களைத்தான் நாட வேண்டும். அங்கிருந்து கொண்டுவரும்போது கண்ணாடியை ஒருபோதும் படுக்கவைக்காதீர்கள். இரண்டு தெர்மாகோல் தகடுகளுக்கு நடுவில் விளிம்பின் மேல் நிறுத்தி, கட்டி, மடியோடு அணைத்து உட்காருங்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பஸ்ஸில், படுக்கவைத்த கண்ணாடி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே விரிசல் விடும். நின்ற கண்ணாடி வீடு வந்து சேரும். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி, குளியலறைத் தடுப்புக் கண்ணாடி போன்ற கெட்டிப்படுத்திய கண்ணாடிகளை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெட்ட முயன்றால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

பழைய பங்களாக்களை இடிக்கும்போது கிடைக்கும் ஜன்னல் கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. லேசான அலையும் சிறு குமிழ்களும் கொண்ட அந்தக் கண்ணாடியை வானத்துக்குப் பயன்படுத்தினால் மேகம் நகர்வது போலிருக்கும். அதன் அடிப்பக்கம் தடிப்பாக இருப்பதைக் காட்டி, நூறு ஆண்டுகளில் கண்ணாடி மெல்ல வழிந்து இறங்கிவிட்டது என்று சொல்வார்கள். அது உண்மையல்ல. கையால் ஊதிச் செய்த கண்ணாடி செய்யும்போதே ஒரே தடிப்பில் வராது.

இனி கீறுவது. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கண்ணாடியை அறுக்கிறோம் என்று சொல்கிறோமே தவிர, யாரும் அறுப்பதில்லை. மேலே ஒரு கோடு கீறுகிறோம். அந்தக் கோட்டின் வழியே கண்ணாடி தானாகப் பிளக்கிறது. கட்டரின் முனையில் கடுகளவு சக்கரம் ஒன்று இருக்கும். அதில் தையல் மெஷின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டு. கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, செய்தித்தாள் விரித்த மேசையில் வையுங்கள். நின்றுகொண்டுதான் கீற வேண்டும். உட்கார்ந்து கீறினால் அழுத்தம் மணிக்கட்டிலிருந்து வரும், கோடு நடுங்கும். கட்டரைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பு வரை நிறுத்தாமல் போக வேண்டும். ஒரே ஒரு முறை. கோடு சரியாக விழவில்லை என்று இரண்டாம் முறை அதன் மேலேயே ஓட்டினால் கண்ணாடி எப்படி உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது, சக்கரமும் கெட்டுவிடும்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் ஜன்னல் கண்ணாடி வெட்டும் ஒரு முதியவர். முதல் நாள் என் கோடுகளை அவர் பார்க்கவே இல்லை. மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டு, காதால் கேட்டே, “இது உடையும், இது உடையாது” என்று சொன்னார். அன்று முதல் நானும் கேட்கப் பழகினேன். சரியான கோடு, தோசைக்கல்லில் தெளித்த நீர் அடங்கும்போது வரும் சீறலைப் போல ஒரே சீராக ஒலிக்கும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அழுத்தம் போதவில்லை. நறநறவென்று கேட்டு, கோட்டின் மேல் வெள்ளைத் தூள் பறந்தால் அழுத்தம் அதிகம். கீறியதும் தாமதிக்காமல் உடைக்க வேண்டும். இரு கைகளையும் முஷ்டியாக மடக்கி, கோட்டுக்கு இருபுறமும் பெருவிரல்களை மேலே வைத்து, முஷ்டிகளை வெளிப்பக்கமாகச் சுழற்றுங்கள். அந்தக் கணத்தில் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால், கோட்டின் அடியில் ஒரு வெள்ளி இழை ஓடுவது தெரியும். அதுதான் பிளவு. அகலம் குறைந்த துண்டாக இருந்தால் கைக்குப் பதில் ரன்னிங் பிளையர் என்ற குறடு. அதன் நடுக்கோட்டைக் கீறலின் மேல் பொருத்தி மெதுவாக அழுத்தினால் இழை நின்று நின்று நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனையோ ஆயிரம் துண்டுகளுக்குப் பிறகும் அதைப் பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

ஐம்பது நேர்க்கோடுகள், ஐம்பது மெல்லிய வளைவுகள் என்று வெறும் கண்ணாடியில் பழகாமல் வண்ணக் கண்ணாடியைத் தொடாதீர்கள். உள்நோக்கி வளையும் கோடுதான் கடினம். வேண்டிய வளைவை முதலில் கீறிவிட்டு, அதற்கு வெளியே கழியும் பகுதியில் பிறைபிறையாகச் சில கோடுகள் போட்டு, ஓரத்திலிருந்து ஒவ்வொரு பிறையாகக் குறடால் கடித்து எடுக்க வேண்டும். ஒரேயடியாக எடுக்க முயன்றால் குறுக்கே ஓடிவிடும். கூர்மையான உள்முனை கொண்ட வடிவத்தைக் கண்ணாடி ஏற்காது. அந்த இடத்தில் துண்டை இரண்டாகப் பிரித்து ஒரு கோடு விடுங்கள்.

முதல் படமாகக் குறிஞ்சிப் பூ வரையலாமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல் பூக்கும் என்று காத்திருக்கிறோம். அந்த ஊதா கலந்த நீலத்தைக் கண்ணாடியில் பிடிக்க எனக்கும் ஆசை தீரவில்லை. ஆனால் மணி போன்ற அதன் இதழ்களில் உள்வளைவுகள் நிறைய. முதல் பலகைக்கு மலை வரையுங்கள். பெருமாள்மலையின் விளிம்பை ஒரு கோடாக, அதற்கு முன்னால் இரண்டு மலைவரிசைகளை மெல்லிய அலைகளாக, வானத்தை நான்கு துண்டுகளாக வரைந்தால் மொத்தம் பத்துப் பன்னிரண்டு துண்டுகளில் முடியும். தூரத்து மலைக்கு வெளிர்நீலம், அருகில் வர வரப் பச்சை. 20 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம் போதும். இந்த அளவுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 375 கிராம் எடை வரும். பற்றாசும் சேர்ந்தால் அரை கிலோவை ஒட்டி நிற்கும். அடர்நீலம் வைக்க நினைத்தால் கொஞ்சமாக வையுங்கள். தள்ளி நின்று பார்க்கும்போது அது தன் கோட்டைத் தாண்டிப் பரவுவது போலத் தெரியும். பக்கத்து நிறங்களை விழுங்கிவிடும்.

வரைந்த படத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று மேசையில் ஒட்டிக்கொள்ள, மற்றொன்று வெட்டி அச்சாகப் பயன்படுத்த. வெட்டும்போது ஒவ்வொரு கோட்டையும் ஒட்டி முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குக் காகிதத்தைக் கழித்துவிட வேண்டும். செம்பு நாடாவும் பற்றாசும் உட்கார அந்த இடம் தேவை. இதை மறந்தால் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளி, படம் எல்லாப் பக்கமும் வீங்கிவிடும். வெட்டிய துண்டுகளின் விளிம்பை நீரில் நனைத்த சாணைக்கல்லில் தேய்த்துச் சரிசெய்யுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. கண்ணாடித் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பாதத்தை மூடும் செருப்பு போடுங்கள். வேலை முடிந்ததும் மேசையைக் கையால் துடைக்காமல் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியே வையுங்கள்.

செம்பு நாடாவைக் காப்பர் ஃபாயில் என்று கேட்டு வாங்க வேண்டும். 3 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 7/32 அங்குல அகலம் சரியாக இருக்கும். கண்ணாடியின் விளிம்பு நாடாவின் நட்டநடுவில் உட்கார வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவு மடங்க வேண்டும். ஒரு பக்கம் மில்லிமீட்டர் குறைந்தாலும் முடிவில் கோடு கோணலாகத் தெரியும். மடித்த பிறகு ஐஸ் குச்சியால் அழுத்தித் தேய்த்து ஒட்டுங்கள். நாடாவின் ஒட்டும் பக்கம் செம்பு, வெள்ளி, கறுப்பு என்று மூன்று நிறங்களில் கிடைக்கும். ஊடுருவித் தெரியும் கண்ணாடியில் அந்த உள்நிறம் விளிம்பு வழியே தெரியும் என்பதால், முடிவில் கோடுகள் எந்த நிறமாக வேண்டுமோ அந்த நாடாவை வாங்குங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த நாடா ஒரே வாரத்தில் பழுப்பேறும், பசையும் விட்டுவிடும். நான் மூடி இறுக்கமான டப்பாவில், ஒரு துணியில் கட்டிய அரிசியோடு வைக்கிறேன். பழுப்பேறிய நாடாவில் பற்றாசு பிடிக்காது. எஃகு நாரால் லேசாகத் தேய்த்தால் பிடிக்கும்.

பற்றவைக்க, மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் 25 வாட் கருவி போதாது. 80 முதல் 100 வாட் வேண்டும். இங்கே நம் மலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் வெந்நீர்க் கருவியும் போடும்போது மின்னழுத்தம் இறங்கும். 230 வோல்ட்டில் 100 வாட் தரும் கருவி 180 வோல்ட்டில் 61 வாட்தான் தரும். பற்றாசு உருகும், ஆனால் ஓடாது, கட்டிகட்டியாக நிற்கும். உங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். காலை பத்து மணிக்குமேல் பற்றவையுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்கழிக் காலையில் கண்ணாடி பனிக்கட்டி போலக் கிடக்கும். அதன் ஓரத்தில் 370 டிகிரி முனையைக் கொண்டுபோய் ஒரே இடத்தில் நிறுத்தினால் டக்கென்று விரிசல் விடும். துண்டுகளை அரைமணி நேரம் வெயிலில் வைத்து எடுத்த பிறகு தொடங்குங்கள். முனையை எங்கும் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் தெருவில் வந்த காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் நவச்சாரத்தைத் தூவித் துடைத்ததும் ஈயம் வழுக்கிக்கொண்டு பரவும். நம் கருவியின் முனை கறுத்துப்போகும்போது, அதே நவச்சாரக் கட்டியில் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். எழும் புகையை மட்டும் முகர வேண்டாம். பற்றாசு செம்பில் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் என்ற பூச்சைச் செம்பின் மேல் தூரிகையால் தடவி, முதலில் மூலைகளில் சொட்டுச் சொட்டாகப் பிடித்து நிறுத்துங்கள். பிறகு எல்லாக் கோடுகளையும் தட்டையாக நிரப்பி, கடைசியில் மேலே மற்றொரு முறை ஓட்டி உருண்டையாக எழுப்புங்கள். திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் அவ்வாறே.

இப்போது உங்கள் சமையலறை மேசைக்கு வருகிறேன். வேண்டாம், சகோதரி. ஒரு நாள்கூட வேண்டாம். வழக்கமான பற்றாசில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். வெள்ளீயத்தால் செய்த சொம்பில் ரசம் வைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் இரண்டையும் ஈயம் என்ற ஒரே பெயரில் சொல்லி, ஆபத்து இல்லை என்று நினைத்துவிடுகிறோம். காரீயம் வேறு. குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவே காரீயத்துக்குக் கிடையாது. மூளை வளரும் வயதில் அது செய்யும் கேடு திரும்பாது. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. நாம் பார்க்கும் புகை ஃபிளக்ஸின் புகை. அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். காரீயம் வருவது கை வழியாக, நகக்கண் வழியாக, முந்தானையில் ஒட்டிய துகள் வழியாக.

உங்கள் வீட்டில் மூன்று வயது மகன் இருப்பதால், காரீயம் கலக்காத பற்றாசை வாங்கச் சொல்கிறேன். வெள்ளீயத்தோடு சிறிது செம்போ வெள்ளியோ சேர்ந்தது. விலை கூடுதல். 60-40 பற்றாசு 183 டிகிரியில் இளகத் தொடங்கும் என்றால், இது 217 முதல் 227 டிகிரி வரை கேட்கும்; கோடும் அவ்வளவு வழவழப்பாக எழாது. முதல் பலகைக்கு அந்தக் குறை ஒரு குறையே அல்ல. அப்படி வாங்கினாலும் கண்ணாடிச் சில்லு இருக்கிறது, ஃபிளக்ஸ் இருக்கிறது. காப்பிக்கொட்டை வைக்கும் கொட்டகையோ, பூட்டு உள்ள ஓர் அறையோ பாருங்கள். தனி மேலங்கி, தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், அவற்றை வாசலிலேயே கழற்றுங்கள். அங்கே தேநீர் குடிக்காதீர்கள். கர்ப்பமாக இருந்தால் காரீயப் பற்றாசின் பக்கம் போகவே வேண்டாம்.

பற்றவைத்த அன்றே கழுவிவிட வேண்டும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும். பெரும்பாலான ஃபிளக்ஸ்களில் துத்தநாகக் குளோரைடு இருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சமவெளியில் மறுநாள் கழுவலாம். இங்கே ஒரு இரவு மூடுபனியில் கிடந்தாலே காலையில் கோடுகளின் மேல் வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, சிறிது சமையல் சோடா, பழைய பல்துலக்கி போதும். கோடுகள் செம்பு நிறமாக வேண்டுமானால் மயில்துத்தத்தை வெந்நீரில் கரைத்துத் துணியால் தடவுங்கள். தோட்டத்தில் போர்டோ கலவைக்குச் சுண்ணாம்போடு கலக்கும் அதே மயில்துத்தம்தான், உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். கரைசலில் இருக்கும் செம்பு வெள்ளீயத்தின் மேல் படிந்து, வெள்ளிக்கோடு கண்முன்னே சிவப்பதைப் பார்க்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது விஷம். பிறகு மறுபடி கழுவி, நன்றாக உலரவிட்டு, காருக்குப் பூசும் மெழுகை மெல்லிய துணியால் தேய்த்துவிட்டால் நம் ஈரத்தைத் தாங்கும்.

கடைசியாக, தொங்கவிடுவது. என் முதல் பலகையை ஜூலைக் காற்று கீழே தள்ளிவிட்டது. மேல்விளிம்பின் செம்பு நாடாவில் மட்டும் கொக்கியைப் பற்றவைத்திருந்தேன். நாடா கண்ணாடியில் ஒட்டியிருப்பது வெறும் பசையால்தானே. பலகையின் எடையும் காற்றின் ஆட்டமும் சேர்ந்து அதை உரித்துவிட்டன. நான்கு மாத வேலை சிமென்ட் தரையில் சிதறிக் கிடந்தது. உள்ளே இறங்கும் ஒரு கோடு மேல்விளிம்பைத் தொடும் இடத்தில்தான் கொக்கி உட்கார வேண்டும். அதன் கால் அந்தக் கோட்டுக்குள் இரண்டு சென்டிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். அப்படி இரண்டு இடங்கள் இருக்கும்படி படத்தை வரையும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். வெளிவிளிம்பைச் சுற்றி ஒரு செம்புக் கம்பியை வைத்துப் பற்றவைத்தால் சட்டத்தின் பலம் வந்துவிடும். நூலால் கட்டாதீர்கள், வெயிலில் இற்றுவிடும். சிறு சங்கிலி நல்லது.

மேற்கு ஜன்னல் என்பதால் மாலை நான்கு மணிக்குமேல் வெயில் சாய்ந்து உள்ளே வரும். ஆணியை மகனின் கைக்கு எட்டாத உயரத்தில் அடியுங்கள். நிறம் தரையில் வந்து விழும்; அதை அவன் தொட்டுக்கொள்ளலாம்.